புறங்கையால் பார்த்தவர்

அவருடைய காரில் நான் முதன்முதலாக ஏறப் போன அன்று, கதவைத் திறந்துவிடுவதற்கு முன்னால் என் மருந்துப் பெட்டியைச் சோதித்தார். திறந்து பார்க்கவில்லை. வலது கையைத் திருப்பி, புறங்கையைப் பெட்டிக்குச் சற்று மேலே பிடித்து மெல்ல நகர்த்தினார். பிறகு பின் இருக்கைக்கு மேலும் அப்படியே. கடைசியாகக் காரின் முன்பக்கம் போய், பானெட்டைத் தூக்கி, எஞ்சினைச் சுற்றிக் கையை ஓட்டினார். பார்க்கிறவர்களுக்கு யாரோ மந்திரிப்பது போல இருக்கும்.

"உள்ள ஸ்பிரிட்டு ஏதும் இருக்கா, மிஸி?"

"ஊசி துடைக்க ஒரு சின்னப் போத்தல் இருக்கு."

"அத வெளிய எடுத்து மடியில வச்சுக்கிருங்க. பெட்டிக்குள்ள சாஞ்சா நமக்குத் தெரியாது."

நான் அப்போது ஹட்டன் – நோட்டன் பிரிட்ஜ் பாதையில் இருந்த ஒரு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருத்துவச்சியாகப் புதிதாக வந்திருந்தேன். நாடு சுதந்திரம் பெற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரத் துரை இன்னும் பங்களாவில்தான் இருந்தார். தோட்டத்துக்குக் கீழே சந்தியில் சின்னக் கடைவீதி ஒன்று. அங்கே ஹயருக்குக் கார் ஓட்டியவர் அவர் மட்டும்தான். தோட்டத்து லொறி வெளியே போயிருக்கும் நாட்களில், சிக்கலான பிரசவம் என்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒல்லியான மனிதர். காக்கிக் கோட்டு, கழுத்தில் மப்ளர். வெயிலடித்தாலும் இரண்டையும் கழற்ற மாட்டார். பேச்சில் நிதானம். மலைப்பாதையில் அவரைப் போலப் பதமாக ஓட்டியவரை நான் பிறகு கண்டதில்லை. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைப் பின்னால் படுக்க வைத்திருக்கும்போது ஒரு குழியில்கூடச் சக்கரத்தை இறக்க மாட்டார். ஆனால் அந்தப் புறங்கைப் பழக்கம் மட்டும் எல்லாருக்கும் ஒருவிதச் சங்கடத்தைத் தந்தது. தேத்தண்ணிக் கடையில் உட்காருவதற்கு முன்னால் வாங்குக்கு மேல் கையை ஓட்டுவார். எரியாத அடுப்பின் மேல் ஓட்டுவார். வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் துணிமேல் ஓட்டுவார். வெயில் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவுக்கு அது கூடும். மழை நாளில், மூடுபனி நாளில் சும்மா இருப்பார். ஊரெல்லாம் வெயிலுக்கு ஏங்கிக் கிடக்கும் மலையில் வெயிலைக் கண்டு பயந்த ஆள் அவர் ஒருவர்தான்.

அவரிடம் பேச்சுக் கொடுத்தால் எங்கே சுற்றினாலும் ஒரு விஷயத்துக்கு வந்து சேருவார். பெட்ரோலா, ஸ்பிரிட்டா? வேறு ஊர் டிரைவர்கள் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்துவார்கள். வேண்டுமென்றே கிளறிவிடுவார்கள்.

"அண்ணே, பெட்ரோல் வெல மறுபடி ஏறுதாமே. நீங்க பேசாம ஸ்பிரிட்டுக்கு மாறுனா என்னா? பாதி வெலதானே?"

"பாதி வெலதான்," என்பார் அவர், கோபமில்லாமல். "ஆனா ஒரு டேங்க் பெட்ரோல்ல போற தூரத்துக்கு ஸ்பிரிட்டு ஒன்னரை டேங்க் குடிக்கும். மலையேறக்குள்ள இன்னும் குடிக்கும். இந்தக் குளிருக்குக் காலையில ஸ்டார்ட் ஆகாது. அதுக்கும் கொஞ்சம் பெட்ரோல்தான் ஊத்தி எழுப்பணும். பனியில வச்சா தண்ணிய உறிஞ்சிக்கிரும். பழைய ரப்பர் ஹோஸத் திங்கும். நீங்க சொல்ற பாதி வெல எங்க நிக்குது?"

"அப்ப பெட்ரோல் நல்லதுங்கிறீங்க."

"நல்லதுன்னு யார் சொன்னா? அதுவும் ஆளக் கொல்லும். ஆனா பெட்ரோல் கோபக்காரன். கோபம் வந்தா மூஞ்சியில தெரியும், புகையா, செவப்பா. ஓடித் தப்பலாம். ஸ்பிரிட்டு அப்படி இல்ல. சிரிச்ச மூஞ்சியோட வந்து பக்கத்துல நிக்கும்."

அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொன்னதும் எழுந்து போய்விடுவார். தேத்தண்ணி பாதியில் கிடக்கும். டிரைவர்கள் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அவர் மணம் முடிக்கவில்லை. காரை நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வீட்டில் அவரும் அவருடைய தங்கச்சியும் இருந்தார்கள். தங்கச்சி விதவை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் அந்த அம்மா அவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. சமைப்பார், சோற்றை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார், அவர் தானே எடுத்துச் சாப்பிடுவார். நான் இதை முதலில் ஏதோ சொத்துச் சண்டை என்று நினைத்தேன். எங்கள் டிஸ்பென்சர்தான் ஒருநாள் விஷயத்தைச் சொன்னார்.

நான் அங்கே வருவதற்கு முந்திய வருஷம், பெட்ரோல் விலை ஏறியபோது, பாலிஷ் வேலைக்கு வரும் ஸ்பிரிட்டை வாங்கிக் காரை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த யோசனை இவருடையதுதான். தங்கச்சி புருஷன்தான் அப்போது இவருக்குக் கூட்டாளி. இருவரும் மாறி மாறி ஓட்டியவர்கள். ஒரு மாசி மாசத்து மத்தியானம், எஞ்சின் சூட்டோடு ஸ்பிரிட்டு ஊற்றும்போது பற்றிக்கொண்டது. தங்கச்சி புருஷன் செத்துப்போனார்.

"அண்ணன் பக்கத்துலதான் நின்னாராம்," என்றார் டிஸ்பென்சர். "அதுக்கு மேல எனக்கும் தெரியாது. கேக்கவும் முடியாது."

எங்கள் தோட்டங்களில் மாசி மாசம் காமன் கூத்து நடக்கும். ரதி, மன்மதன், தூதன், குறவன் என்று வேஷங்கட்டி ஆடி, முடிவில் சிவனின் நெற்றிக் கண்ணால் காமன் எரிந்ததைக் காட்ட நிஜமாகவே தீ மூட்டுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அவர் வருவார். ஆட்டம் நடக்கும்போது வர மாட்டார். தீ மூட்டுகிற நேரத்துக்கு மட்டும் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நிற்பார். ஒரு தடவை பக்கத்தில் நான் நின்றேன். வைக்கோலும் விறகும் பற்றி எழுந்தபோது அவர் முகம் தளர்ந்தது. நாள் முழுக்க எதையோ சுமந்தவர் இறக்கி வைத்ததைப் போல.

"இது பரவாயில்ல, மிஸி," என்றார். "இது தெரியுது."

அறுபதுகளின் தொடக்கத்தில் பெட்ரோலுக்குப் பெரிய தட்டுப்பாடு ஒன்று வந்தது. கப்பல் வரவில்லை என்றார்கள். வேறு ஏதேதோ சொன்னார்கள். ஹட்டன் பெட்ரோல் ஷெட்டில் வெறும் டின்களோடு ஆட்கள் காத்து நின்று திரும்பினார்கள். அவருடைய காரும் கொட்டகைக்குள் போய்விட்டது. கடைவீதி ஹார்ட்வேர் கடை முதலாளியிடம் ஒரு பீப்பாய் ஸ்பிரிட்டு இருந்தது. "வேணும்னா எடுத்துக்குங்க, காசு பொறகு பார்ப்போம்" என்று அவரும் நல்ல மனதோடு சொல்லிப் பார்த்தார். இவர் அந்தக் கடைப் பக்கம் நடப்பதையே நிறுத்திவிட்டார்.

சித்திரை மாசம் பிறந்ததும் வந்த ஒரு விடியற்காலை, தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கின் தொழிலாளர் லயத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது. மீனாச்சி என்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண். இரட்டைப் பிள்ளை. நான் போனபோது முதல் பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டாவது வயிற்றில் குறுக்கே கிடந்தது. வலி நின்று போயிருந்தது, இரத்தம் நிற்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும். லொறி தேயிலைப் பெட்டிகளோடு ஹட்டனுக்குப் போயிருந்தது. துரை குதிரைப் பந்தயம் பார்க்கக் காரோடு நுவரெலியாவில். நான் சந்திக்கு ஓடினேன்.

அவர் வாசலில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"டேங்க்ல ஒரு சொட்டு இல்ல, மிஸி."

"ஹார்ட்வேர் கடையில ஸ்பிரிட்டு இருக்குதானே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன். வேற வழி இல்ல."

முகத்தில் தண்ணீர் வடிய வடியக் கொட்டகைக்குள் போனார். பிறகு டின்னை எடுத்துக்கொண்டு அந்தக் கடையை நோக்கி நடந்தார். அவர் ஸ்பிரிட்டோடு திரும்பி வந்து டேங்கில் ஊற்றியபோது தங்கச்சி வாசலுக்கு வந்தார். பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னது போலவே கார் குளிரில் எழும்பவில்லை. பங்களாச் சமையற்காரர் துரையின் கோட்டில் கறை எடுக்க வைத்திருந்த ஒரு போத்தல் பெட்ரோலை ஆள் விட்டு வரவழைத்து, கார்புரேட்டரில் கொஞ்சம் விட்ட பிறகுதான் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. லயத்துக்குப் போய், முதல் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு, மீனாச்சியையும் அவள் புருஷனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பின்னால் ஒரு வாளித் தண்ணீரைத் தகரம் போட்டு மூடிக் கட்டியிருந்தார்.

மூடுபனி கலைந்து, மலையெல்லாம் வெயில் கொட்டியது. நான் மீனாச்சியின் நாடியைப் பிடித்தபடி இருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கார் நின்றது. அவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, புறங்கையை உள்ளே ஓட்டினார். மறுபடி ஓட்டினார். மறுபடி ஒரு வளைவில் நிறுத்தினார். அப்புறம் இன்னொன்றில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"இவ நாடி எறங்குதுங்க! ஒங்க பயத்துக்கு இந்தப் புள்ளய பலி குடுக்கப் போறீங்களா?"

"வையிங்க, மிஸி," என்றார். "நல்லா வையிங்க. நான் பாக்காம ஓட்ட மாட்டேன்."

மீனாச்சியின் புருஷன் அழ ஆரம்பித்தான். நான் சொல்லக் கூடாத வார்த்தைகளும் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே ஓட்டினார். பள்ளத்தில் ஆறு தெரியும் ஒரு மதகுக்கு அருகே மறுபடி நிறுத்தி இறங்கினார். பானெட்டைத் தூக்கிக் கையை நீட்டியவர், வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தார்.

"எறங்குங்க! அவளத் தூக்குங்க!"

நான் எட்டிப் பார்த்தேன். எஞ்சினில் ஒன்றுமே இல்லை. கறுப்பு இரும்பு, அதன் மேல் வெயில். புகை இல்லை, வாடை இல்லை. மீனாச்சியின் புருஷன், "எங்கங்க நெருப்பு?" என்று கத்தினான். அவர் மதகோரத்தில் வளர்ந்திருந்த பன்னச் செடியின் தண்டு ஒன்றை இலையோடு பிடுங்கி, அந்த வெறுங்காற்றுக்குள் நீட்டினார். பச்சை இலை எங்கள் கண்ணெதிரே சுருண்டு, கறுத்து, நுனியில் சிவப்பாகக் கனன்றது.

அப்போதும் எனக்கு நெருப்பு தெரியவில்லை. இலை மட்டும்தான் எரிந்தது.

எப்படி இறக்கினோம் என்று இப்போது நினைவில்லை. மீனாச்சியை மதகுக்கு அப்பால் புல்மேட்டில் கிடத்தினோம். அவர் வாளியைத் தூக்கி மொத்தத் தண்ணீரையும் எஞ்சினில் வீசினார். வெள்ளை ஆவி ஊதிக்கொண்டு எழுந்தது. மறுபடி கையை விட்டுப் பார்த்தார். மதகுத் தண்ணீரை அள்ளி மறுபடி வீசினார்.

அதற்கு மேல் கார் ஓடாது. நான் வேறு வழியில்லாமல் வயிற்றுக்கு வெளியிலிருந்து கையால் தள்ளிப் பிள்ளையைத் திருப்பப் பார்த்தேன். பல தடவை நழுவியது. என் முதுகுக்குப் பின்னால் அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். "பெட்ரோலா இருந்தா தண்ணி மேலயே ஏறி ஓடியிருக்கும். இது தண்ணிக்கு அடங்கிரும். ஒரு வாளி போதும். ஒரே ஒரு வாளி." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளை திரும்பியது. வலியும் திரும்ப வந்தது. கால் முன்னால் வர, புல்மேட்டில், நல்ல வெயிலில், பெண் பிள்ளை ஒன்று பிறந்தது. தட்டிய பிறகு அழுதது. வெறும் பெட்டிகளோடு வந்த வேறொரு தோட்டத்து லொறியில் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

மறுநாள் அவர் டிஸ்பென்சரிக்கு வந்தார். வலது புறங்கை கொப்புளித்திருந்தது. கட்டுப் போடுவதற்காகக் கையைத் திருப்பியபோது அவருடைய உள்ளங்கையை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். ரேகையே இல்லை. உருகி ஆறிய மெழுகு மாதிரி வழுவழுப்பு. நான் அழுத்திப் பார்த்தேன்.

"அதுல ஒணர்ச்சி இல்ல, மிஸி. ரெண்டு கையிலயும். மச்சான அடிச்சு அணைச்சது."

நான் முந்தின நாள் திட்டியதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

"மச்சான் காமன் கூத்துல குறவன் வேஷம் கட்டுறவன். அவன் குறவனா வந்து கூக்குரல் போட்டுக் குதிச்சா தோட்டமே சிரிக்கும். அன்னைக்கு நான் எதிர்ல பீலியில, தண்ணி விழுற எடத்துல, கை கழுவுறேன். தலைக்கு மேல வெயிலு. திடீர்னு மச்சான் டின்னப் போட்டுட்டுக் குதிக்கிறான். கையத் தட்டுறான், சுத்துறான், 'ஊய் ஊய்'னு சத்தம். கூத்துக்கு ஒத்திகை பாக்குறான்னு நெனச்சேன். கடையில இருந்தவங்களும் அப்படித்தான். எல்லாரும் சிரிச்சோம். நான்தான் பெரிசா சிரிச்சேன். 'போதும்டா மாப்ள, மூச்சு வாங்கப் போகுது'ன்னு சொன்னேன். அப்புறம் சட்டை தன்னால கறுத்துச் சுருளுது. நெருப்பக் காணோம், சட்டை கறுக்குது. அப்பதான் பாஞ்சேன். பீலித் தண்ணி எங்கிட்ட. ஒரு வாளி போதும். அது தோணல, கையால அடிச்சேன்."

கட்டின் நுனியை நான் முடிந்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

"தங்கச்சி வெளிய வரக்குள்ள மச்சான் விழுந்துட்டான். அவ முதல்ல பாத்தது என் மூஞ்சிய. சிரிப்பு இன்னும் என் மூஞ்சியிலேயே இருந்துச்சு, மிஸி. எறங்கல."

"நீங்க சொல்லலாமே, நெருப்பு தெரியலன்னு."

"என்னான்னு சொல்றது? எரிஞ்சது தெரியலன்னா? சாக்கு மாதிரி இல்ல இருக்கும்."

சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், அவருடைய தங்கச்சி டிஸ்பென்சரிக்கு வந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். முந்தானையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"மீனாச்சி புருஷன் கடைவீதியெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான். காருல நெருப்புப் புடிச்சுச்சாம், ஆனா யார் கண்ணுக்கும் தெரியலையாம். மெய்தானா மிஸி?"

நான் ஒரு பீங்கான் தட்டில் கொஞ்சம் ஸ்பிரிட்டை ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்தேன். தீக்குச்சியைக் கிழித்துக் கிட்டக் கொண்டுபோனேன். அந்த அம்மா குனிந்து பார்த்தார். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"பத்தலையே."

"கையக் கிட்டக் கொண்டு போய்ப் பாருங்க. மெதுவா."

கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார். மறுபடி தட்டையே வெறித்தார். அங்கே தட்டும் அதன் அடியில் நிழலும்தான் தெரிந்தன. நான் அவருடைய அண்ணன் சொன்னதையெல்லாம் சொன்னேன். குறவன் கூத்து, ஒத்திகை என்று நினைத்தது, சிரித்தது. சொல்லி முடித்ததும் அந்த அம்மாவின் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் முகம் இன்னும் இறுகியது.

"கண்ணுக்குத் தெரியல. சரி. சத்தம் கேட்டிருக்குமே, மிஸி."

"அதத்தான் குறவன் சத்தம்னு..."

"எனக்கும் கேட்டுச்சு." தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "உள்ள அடுப்படியில இருந்தேன். ஊய் ஊய்னு கேட்டுச்சு. வெளிய சிரிப்புச் சத்தமும் கேட்டுச்சு. பகல்லயே கூத்து ஆரம்பிச்சிட்டாரு இந்த மனுசன்னு நெனச்சு நானும் சிரிச்சேன். சோறு குழைஞ்சிடும்னு கஞ்சிய வடிச்சிட்டுத்தான் எழும்பினேன்."

தட்டில் ஸ்பிரிட்டு எரிந்து தீர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. நான் தண்ணீர் ஊற்றினேன். அந்த அம்மா படியிறங்கிப் போனார்.

அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்களா, எப்போது பேசினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த மாசக் கடைசியில் அவருடைய கைக்கட்டை மாற்ற நானே வீட்டுக்குப் போனேன். அடுப்படி வாசலில் பலகையில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட முடியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி உள்ளே போகவில்லை. சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே நின்றார். நான் வாசலில் நிற்பதை இருவரும் கவனிக்கவில்லை.

"சோறு குழைஞ்சிருச்சு," என்றார் தங்கச்சி. "இன்னும் கொஞ்சம் போடவா, அண்ணே?"

அவர் தட்டை நீட்டினார்.